கப்பலில் இருந்து வயலுக்கு வந்த பிளெட்சர்

உங்கள் பாகல் பந்தலில் வெம்பி விழுந்த காயைப் பிளந்து பாருங்கள்; வெள்ளைப் புழுக்கள் நெளியும். பழ ஈயின் வேலை அது. அந்தப் புழுவைத் தேடி அழிக்கும் குட்டிக் குளவி ஒன்று உண்டு. பெயர் சைட்டாலியா பிளெட்சரி.

பெயருக்கு உரியவர் தாமஸ் பெயின்பிரிக் பிளெட்சர். 1878-ல் பிறந்தவர், ஆங்கிலேயக் கடற்படையில் சம்பள அதிகாரி. 1905-ல், மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கொழும்பில் இருந்து கிளம்பிய 'சீலார்க்' ஆய்வுக் கப்பலில் சென்று, தீவு தீவாகப் பூச்சிகளைச் சேகரித்தார். அந்த ஆர்வமே அவரைக் கோவைக்கு, சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளர் பணிக்குக் கொண்டுவந்தது. தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய அவரது நூல் 1914-ல் வெளியானது. பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் நாட்டின் தலைமைப் பூச்சியியலாளராகவும் ஆனார். 1916-ல் இத்தாலிய அறிஞர் சில்வெஸ்திரி இந்தக் குளவிக்கு அவர் பெயரைச் சூட்டினார். அதே ஆண்டு ஹவாய்த் தீவுகள் பழ ஈயை ஒடுக்க நம் நாட்டில் இருந்து இதைக் கொண்டுபோயின. பிளெட்சர் 1950-ல் காலமானார்.

குளவி புழுவுக்குள் முட்டையிடும். புழு மண்ணில் கூட்டுப்புழு ஆனதும், ஈக்குப் பதில் குளவி வெளிவரும். சதைப்பற்றுள்ள பெரிய காயில் ஆழத்தில் இருக்கும் புழு இதற்கு எட்டாது. இதை மட்டும் நம்ப முடியாது. ஆகவே விழுந்த காய்களை அன்றன்றே பொறுக்குங்கள். ஈ தப்பாமல், குளவி மட்டும் வெளியேறும் அளவு நெருக்கமான வலையால் மூடிய தொட்டியில் போடுங்கள். கண்டபடி மருந்தடித்தால் குளவியும் சாகும்.