ஆல்ஃபிரெட் ரசல் வாலேஸ்

ஆல்ஃபிரெட் ரசல் வாலேஸ் (ஜனவரி 8, 1823 – நவம்பர் 7, 1913) பிரித்தானிய இயற்கையியலாளரும் புவியியலாளரும் ஆவார். உயிரினங்கள் இயற்கைத் தேர்வின் வழியாகப் படிவளர்ச்சி அடைகின்றன என்பதைச் சார்லஸ் டார்வினைச் சாராமல் தாமே கண்டறிந்தவர். எந்த உயிரினம் உலகின் எப்பகுதியில் வாழ்கின்றது, ஏன் அங்கு வாழ்கின்றது என்பதை ஆராயும் உயிர்ப்புவியியல் துறையின் முன்னோடிகளுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். ஆசிய விலங்குகளையும் ஆஸ்திரேலிய விலங்குகளையும் பிரிக்கும் எல்லை இவர் பெயரால் வாலேஸ் கோடு என அழைக்கப்படுகிறது.

இளமை

வாலேஸ் வேல்சில் அஸ்க் நகருக்கு அருகிலுள்ள லான்படோக் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தின் பொருள் நெருக்கடியால் பதினான்கு வயதளவில் இவரது பள்ளிப்படிப்பு நின்றது. பின்னர்த் தமையன் வில்லியமுடன் நிலவளவைத் தொழிலில் ஈடுபட்டார். ஊர் ஊராக நிலங்களை அளந்து திரிந்த இக்காலத்திலேயே செடிகொடிகளின் மீது ஆர்வம் கொண்டார். 1844 ஆம் ஆண்டு லெஸ்டர் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, வண்டுகளைச் சேகரித்து வந்த ஹென்றி வால்டர் பேட்சின் நட்பைப் பெற்றார். வெப்பமண்டலக் காடுகளில் உயிரினங்களைச் சேகரித்து விற்று, அவ்வருவாயைக் கொண்டே ஆய்வு செய்வது என இருவரும் முடிவு செய்தனர்.

அமேசான் பயணம்

1848 இல் இருவரும் பிரேசிலை அடைந்தனர். வாலேஸ் நான்கு ஆண்டுகள் அமேசான், ரியோ நெக்ரோ ஆறுகளின் கரைகளில் சேகரிப்பு நடத்தினார். உதவிக்கு வந்த இவரது தம்பி ஹெர்பர்ட் 1851 இல் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார். 1852 இல் வாலேஸ் நாடு திரும்பியபோது, ஆகஸ்ட் 6 அன்று நடுக்கடலில் கப்பல் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு முழுவதும், குறிப்புகளுள் பெரும்பகுதியும் அழிந்தன. பத்து நாட்கள் திறந்த படகில் தத்தளித்த பின்னர் வேறொரு கப்பலால் காப்பாற்றப்பட்டார். இவருடைய முகவர் செய்திருந்த காப்பீட்டினால் 200 பவுண்டு கிடைத்தது.

இவ்விழப்பிற்குப் பிறகும் அதே ஆண்டு இறுதியில் அமேசான் குரங்குகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை இலண்டனில் வழங்கினார். அகன்ற ஆறுகளின் இரு கரைகளிலும் வெவ்வேறு குரங்கினங்கள் வாழ்வதை அதில் எடுத்துக்காட்டினார். அக்காலத்துச் சேகரிப்பாளர்கள் பிரேசில் அல்லது பெரு என நாட்டின் பெயரை மட்டும் குறித்து வந்தனர். எந்தக் கரையில் பிடிக்கப்பட்டது என்பது தெரியாவிட்டால் இனங்களின் எல்லைகளை அறிய இயலாது என்பதை வாலேஸ் உணர்ந்தார். இவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படையாயிற்று.

மலாய்த் தீவுக்கூட்டம்

1854 முதல் 1862 வரை இன்றைய சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, கிழக்குத் திமோர் ஆகிய பகுதிகளில் பயணம் செய்தார். இக்காலத்தில் 1,25,660 உயிரின மாதிரிகள் சேர்க்கப்பட்டன. இவற்றுள் 80,000க்கும் மேற்பட்டவை வண்டுகள். சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் உள்ளிட்ட உள்ளூர் உதவியாளர்களின் பங்கு இதில் பெரிது.

1855 இல் சரவாக்கில் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு புதிய இனமும் தன்னை ஒத்த முந்தைய இனம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது எனக் கூறினார். 1858 இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலுற்றிருந்தபோது, சூழலுக்கு ஏற்ற வேறுபாடுடையவை பிழைக்க ஏனையவை அழிவதே இம்மாற்றத்திற்குக் காரணம் என்னும் கருத்தை அடைந்தார். அதனைக் கட்டுரையாக எழுதி டார்வினுக்கு அனுப்பினார். அக்கட்டுரையும் டார்வினின் எழுத்துகளும் ஜூலை 1, 1858 அன்று இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டார்வின் மறு ஆண்டு தமது நூலை வெளியிட்டார்.

வாலேஸ் கோடு

1856 இல் வாலேஸ் பாலித் தீவிலிருந்து லொம்போக் தீவுக்குச் சென்றார். இவற்றின் இடையே உள்ள நீரிணை குறுகிய இடத்தில் 40 கிலோமீட்டருக்கும் குறைவான அகலம் உடையது. இரு தீவுகளின் தட்பவெப்பமும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் பாலியில் கண்ட குக்குறுவான், மரங்கொத்தி முதலிய ஆசியப் பறவைகளுள் பல லொம்போக்கில் காணப்படவில்லை. மாறாக, ஆஸ்திரேலியாவுக்கு உரிய காக்கட்டூ கிளிகளும் தேனுண்ணிப் பறவைகளும் அங்கு இருந்தன.

தட்பவெப்பமே உயிரினங்களின் பரவலை முடிவு செய்கிறது என்னும் கருத்து இதனை விளக்கப் போதாது. விடை கடலின் ஆழத்தில் இருந்தது. பாலி, ஜாவா, சுமாத்திரா, போர்னியோ ஆகியவற்றை ஆசியாவிலிருந்து பிரிக்கும் கடல் ஆழமற்றது. கடைசிப் பனியூழியில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தபோது இவை ஆசிய நிலப்பரப்புடன் இணைந்திருந்தன. ஆழமான லொம்போக் நீரிணை அப்போதும் வறண்டுவிடவில்லை. இவ்வெல்லையை வாலேஸ் 1863 இல் வெளியான நிலப்படத்தில் கோடாக வரைந்தார். வாலேஸ் கோடு என்னும் பெயரை 1868 இல் தாமஸ் ஹக்ஸ்லி வழங்கினார்.

நூல்களும் இலெமூரியாவும்

1876 இல் வெளிவந்த இரு தொகுதி நூலில், பறவைகளுக்காகப் பிலிப் ஸ்கிலேட்டர் 1858 இல் வகுத்த ஆறு மண்டலங்களை வாலேஸ் ஏனைய விலங்குகளுக்கும் விரித்தார். நீலகிரி உள்ளிட்ட தென்னிந்திய மலைப்பகுதிகளின் விலங்குகள் இலங்கை விலங்குகளை ஒத்திருப்பதால் இவ்விரண்டையும் ஒரே துணைமண்டலமாகக் கொண்டார்.

மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் இந்தியாவின் தேவாங்குகளுக்கும் உள்ள உறவை விளக்க, இலெமூரியா என்னும் கண்டம் இருந்து மறைந்தது என ஸ்கிலேட்டர் 1864 இல் கூறியிருந்தார். இப்பெயர் பின்னாளில் தமிழகத்தில் குமரிக்கண்டத்துடன் இணைத்துப் பேசப்பட்டது. தீவுகளின் உயிர்களைப் பற்றி 1880 இல் எழுதிய நூலில் வாலேஸ் இக்கருத்தை மறுத்தார். லெமூர்களின் உறவினங்கள் முன்பு வடகண்டங்களில் பரவியிருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுவதால், மூழ்கிய கண்டம் தேவையில்லை என்பது அவர் வாதம்.

ஆனால் கண்டங்கள் இடம் பெயராதவை என்றும் அவர் நம்பினார். 1960களில் நிலைபெற்ற புவித்தட்டுக் கோட்பாடு இது பிழை எனக் காட்டியது. ஆஸ்திரேலியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருங்கியதே இருவேறு விலங்குத் தொகுதிகள் இவ்வளவு அருகில் அமைந்ததற்குக் காரணம்.

பிற்காலம்

வாலேசுக்கு நிலையான பணி எதுவும் அமையவில்லை. டார்வினின் முயற்சியால் 1881 முதல் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் பெற்றார். ஆவியுலக நம்பிக்கையும், அம்மைத் தடுப்பூசிக்கு எதிரான நிலைப்பாடும் இவருக்குக் கண்டனங்களைத் தேடித் தந்தன. 1908 இல் காப்ளி பதக்கமும் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதும் பெற்றார். 1913 இல் இங்கிலாந்தின் பிராட்ஸ்டோனில் காலமானார்.

இவர் வகுத்த மண்டலங்கள் 2013 இல், 21,037 நீர்நில வாழ்வன, பறவை, பாலூட்டி இனங்களின் தரவுகளைக் கொண்டு 11 பெருமண்டலங்களாகத் திருத்தி அமைக்கப்பட்டன.