துப்பாக்கி இல்லாமல் 5 யுத்தம் பார்த்த அகதி வாலிபர்!

கையில் துப்பாக்கி கிடையாது. கழுத்தில் கேமராதான். அதை நம்பி 5 யுத்தங்களுக்குப் போனவர் ராபர்ட் கேப்பா. கடைசியில் கேமராவோடு உயிரும் போனது.

நிஜப் பெயர் எண்ட்ரே ஃப்ரீட்மன். 1913ல் ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்கு தையல் தொழில். மாணவராக இருந்தபோது அரசாங்கத்தை எதிர்த்தவர்களோடு சேர்ந்தார். போலீசார் பிடித்தார்கள். 17 வயதில் ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று.

பெர்லினில் போட்டோ இருட்டறையில் எடுபிடி வேலை. 1933ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் அங்கேயும் இருக்க முடியலை. கடைசியில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

பொய்ப் பெயர்

அங்கே கெர்டா டாரோ என்ற யூத அகதிப் பெண்ணைக் காதலித்தார். அகதிப் பையன் எடுத்த படத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்? ராபர்ட் கேப்பா என்று ஒரு பணக்கார அமெரிக்க போட்டோகிராபர் இருப்பதாக இருவரும் கதை கட்டினார்கள். படம் நல்ல விலைக்குப் போச்சு! குட்டு உடைந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

1936ல் ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்துக்கு இருவரும் போனார்கள். 1937 ஜூலையில் டாங்கி மோதி டாரோ பரிதாபமாக இறந்தார். வயது 26.

எதிரி நாட்டான்

1939ல் கேப்பா அமெரிக்கா போனார். ஹங்கேரி ஜெர்மனி பக்கம் சேர்ந்ததால் அமெரிக்கச் சட்டப்படி இவர் எதிரி நாட்டான். இருந்தும் பத்திரிகைக்காரராக அனுமதி வாங்கி, அமெரிக்கப் பட்டாள உடுப்போடு போர்முனைக்குப் போனார்.

1944 ஜூன் 6. பிரான்சில் ஒமாகா கடற்கரை. குண்டு மழை. சிப்பாய்களோடு கடலில் இறங்கிப் படம் எடுத்தார். உலகத்துக்குக் கிடைத்தது பத்து, பதினொரு படம்தான். மற்றவை லண்டனில் கழுவும்போது பாழானதாக வெகுநாள் பேச்சு. ஆராய்ந்தவர்கள் இப்போது அதைச் சந்தேகிக்கிறார்கள். கிடைத்த படமும் ஆடி மங்கியவை. ஆனாலும் அந்தக் கரையில் நடந்ததை உலகம் அவற்றில் பார்த்தது.

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1946ல். அதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது!

கடைசிப் படம்

1954ல் லைஃப் பத்திரிகைக்காக வியட்நாம் போனார். அங்கே பிரெஞ்சுப் பட்டாளம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மே 25ந் தேதி. தாய்பின் போகும் பாதையில் ஜீப்பை விட்டு இறங்கினார். வயலில் நடந்துபோன சிப்பாய்களைப் படம் பிடித்தார். இன்னும் கிட்டப் போக நினைத்து நடந்தார். கண்ணிவெடியை மிதித்துவிட்டார்.

அவருக்கு வயது 40. கேமராவை மட்டும் கை விடவில்லை.