அந்நிய ஊரில் ஓர் அண்ணாவியார்



போன மாரியில் மூத்தவள் வற்புறுத்தி என்னை ஒரு ஒபேராவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இத்தாலியப் பாட்டு நாடகம். பெயர் 'காதல் மருந்து'. எனக்கென்ன விளங்கப் போகுது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மேடையில் ஒரு போலி வைத்தியன், வெறும் வைனைக் காதல் மருந்தென்று சொல்லி ஓர் ஏழைப் பெடியனுக்கு விற்கிறான். அவன் மூச்சுவிடாமல் சொற்களைக் கொட்டிப் பாட, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அந்தப் பெடியன் தனியே நின்று, விரும்பியவளின் கண்ணில் கண்ட கண்ணீரைப் பற்றி மெதுவாகப் பாடினான். சிரித்த அதே சனம் அசையவில்லை. எனக்கு ஊர்க் கூத்துக் கொட்டகை ஞாபகம் வந்தது. இந்த முறைக்கு பெல்கான்ரோ, அதாவது அழகான பாட்டு, என்று பெயர். வாத்தியங்கள் அடங்கி நிற்க, குரல்தான் கதையைச் சுமக்கும்.

1832 இல் இதற்கு இசையமைத்தவர் டொனிசெற்றி. ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய குருவின் கதை. அவர் ஒரு ஜேர்மன்காரர்!

யொகான் சீமோன் மயர் 1763 இல் பயர்ன் மாநிலத்தின் மெண்டோர்ப் கிராமத்தில் பிறந்தார். தகப்பன் ஆசிரியர், தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். இங்கோல்ஸ்ரட்டில் படித்தபின், ஒரு பிரபுவின் உதவியோடு தெற்கே போய் இத்தாலி சேர்ந்தார் மயர். யொகான் அங்கே ஜொவானி ஆனார். பெயர் மாறும் கதை எங்களுக்கு மட்டும் உரியதல்ல! 1794 இல் வெனிஸில் முதல் ஒபேரா. 1798 இல், சங்கீதப் பைத்தியம் பிடித்த ஒரு தகப்பனைப் பற்றிச் சிரிப்பு நாடகம். மொத்தம் அறுபதுக்கு மேல். 1802 இல் பேர்காமோ நகரத் தேவாலயத்தின் இசைப் பொறுப்பை ஏற்றார். பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வந்தும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

1806 இல் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச இசைப்பள்ளி நடத்தத் தொடங்கினார். அங்கு சேர்ந்தவர்களில் ஒருவன், நிலக்கீழ் வீட்டில் பிறந்து வளர்ந்த டொனிசெற்றி. பிள்ளைகள் தேவாலயத்தில் பாடவேண்டும். ஆனால் இவன் குரல் சரியில்லை, விலக்கவேண்டிய நிலை. மயர் விடவில்லை. அவனுக்காக வாதாடி வைத்திருந்தார். 1811 இல் சின்ன இசையமைப்பாளனாகவே அவனை நடிக்கவிட்டு ஒரு சிரிப்பு நாடகம் போட்டார். 1815 இல் மேற்படிப்புக்குப் பொலோஞாவுக்கு அனுப்பி, செலவுக்கும் உதவினார்.

கடைசிக் காலத்தில் கண்பார்வை போய், 1845 இல் மயர் பேர்காமோவிலேயே இறந்தார். மூன்று வருடத்தில் மாணவனும் போய்விட்டார். இன்று இருவரின் கல்லறைகளும் அந்த ஒரே தேவாலயத்தில்.

எங்கட சின்னவனுக்குக் குரல்வளம் இல்லை, சங்கீத வகுப்பை நிப்பாட்டுவம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். மயரின் கதை அறிந்தபின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் எங்கட பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. இந்த வருடமும் அவன் வருவான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.