கவசம் கழற்றிய வீரன்

பிரான்சு நாட்டைப் பல நூறு ஆண்டுகள் ஆண்ட அரச வம்சத்தின் மூலபுருஷர் முடிசூடியவர் அல்ல. அவர் எல்லையைக் காத்த ஒரு பிரபு. பெயர் ராபர்ட். வலிமைமிக்க ராபர்ட் என்று சரித்திரம் அவரைச் சொல்கிறது.

அது ஒன்பதாம் நூற்றாண்டு. மேற்குப் பிராங்கு நாட்டின் மன்னர் சார்லஸ். "வழுக்கைத் தலையர்" என்பது அவருக்குப் பட்டப்பெயர்!

வடக்கேயிருந்து வைகிங்குகள் என்னும் கடற்கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். படகிலேயே ஆற்று வழியாக உள்நாட்டுக்குள் புகுந்து, மடங்களைக் கொள்ளையடித்தார்கள். ஊர்களுக்குத் தீ வைத்தார்கள். மேற்கு எல்லையில் பிரெத்தானியரின் தொல்லை வேறு.

கலகக்காரர் காவலரானார்

ராபர்ட் 858-ல் மன்னரை எதிர்த்துக் கலகம் செய்தவர். ஆனாலும் 861-ல் மன்னர் அவரை மன்னித்தார். சீன், லுவார் ஆகிய இரு நதிகளுக்கும் இடைப்பட்ட பகுதியைக் காக்கும் பொறுப்பையும் கொடுத்தார். பகைவரை அடக்க அவரை விட்டால் ஆள் ஏது?

மறு ஆண்டே பிரெத்தானியரின் தலைவன் சாலமன் 12 வைகிங் கப்பல்களைக் கூலிக்கு அமர்த்தினான். அவற்றை ராபர்ட் லுவார் நதியில் மடக்கிப் பிடித்தார். பிறகு அவரே 6,000 ராத்தல் வெள்ளி பேசி, வேறொரு வைகிங் கூட்டத்தைச் சாலமன் மீது ஏவினார். கொள்ளைக்காரனுக்கே சம்பளம்! எல்லைக் காவல் அப்படித்தான் நடந்தது.

மாதாகோவில் வாசலில்

866-ஆம் ஆண்டு. வைகிங்குகளும் பிரெத்தானியருமாகச் சுமார் 400 பேர் குதிரையேறிப் போய் லெமான் நகரைச் சூறையாடினார்கள். திரும்பும் வழியில், பிரிசார்த் என்ற ஊரில் ராபர்ட் அவர்களை மறித்தார். அவர்கள் ஓடிப்போய் அங்கிருந்த கல் மாதாகோவிலுக்குள் புகுந்துகொண்டார்கள்.

பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் தாக்கலாம் என்று பிராங்கு வீரர்கள் கூடாரம் அடித்தார்கள். ராபர்ட்டுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. சற்றுக் காற்று வாங்கலாம் என்று தலைக்கவசத்தையும் மார்புக் கவசத்தையும் கழற்றி வைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கொள்ளையர்கள் பாய்ந்து வந்தார்கள். கவசத்தை மாட்ட நேரம் இல்லை. ராபர்ட் வாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். வந்தவர்களை வாசல்வரை விரட்டினார். அங்கேயே வெட்டுண்டு விழுந்தார். அவர் உடலைப் பகைவர்கள் உள்ளே இழுத்துப் போனார்கள்.

துணைக்கு வந்த பிரபு ரானுல்பும் அம்பு பட்டுச் சில நாளில் இறந்தார். தலைவரை இழந்த படை திரும்பிவிட்டது. கொள்ளையர்கள் தங்கள் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ராபர்ட்டின் மகன்கள் அப்போது சிறுவர்கள். தந்தையின் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போயிற்று. ஆனால் மூத்த மகன் ஓதோ வளர்ந்து, 885-886-ல் வைகிங்குகளின் முற்றுகையிலிருந்து பாரிஸ் நகரைக் காத்தான். 888-ல் அவனையே மன்னனாக்கினார்கள். 922-ல் தம்பியும் அரியணை ஏறினான். தம்பியின் பேரன் ஹ்யூ காப்பே 987-ல் முடிசூடியபோது, பிரிசார்த் வாசலில் ராபர்ட் விழுந்து 121 ஆண்டுகள் ஆகியிருந்தன.