பென்சில் கரியை ஆராய்ந்த கே.எஸ். கிருஷ்ணன்

புலாவ் செபாங்கில் மாலை நேர இயற்பியல் வகுப்பு நடத்துகிறேன். வருபவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். சென்ற மாதம் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி இயற்பியலை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். பெரிய ஆய்வுக்கூடங்கள் உள்ள நகரத்தாருக்கே அந்தப் படிப்பு என்பது அவள் எண்ணம். நான் வாதாடவில்லை. அவள் கையிலிருந்த பென்சிலைக் காட்டி, ஒருவரின் கதையைச் சொன்னேன். மாணவர்களே, அதை நீங்களும் கேளுங்கள்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-இல் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பு என்ற சிற்றூரில் பிறந்தார். மதுரையிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு. பிறகு வேதியியல் செய்முறை வகுப்பில் பயிற்றுநர் வேலை. 1920-இல் கல்கத்தா சென்று சி.வி. இராமனிடம் சேர்ந்தார். 1928-இல் உலகம் வியந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பில் இராமனுக்கு வலக்கையாக இருந்தவர் இவரே. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனோ அதற்குள் டாக்கா பல்கலைக்கழகத்தில் தமக்கென ஒரு புதிய துறையைத் தொடங்கியிருந்தார். அதுதான் படிகங்களின் காந்தப் பண்பு.

அவர் கையாண்ட முறை எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு படிகத்தைக் கட்டி, காந்தப் புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை மெல்லத் திருகிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அந்தத் திருகு கோணத்தைக் கொண்டு, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடலாம்.

1933-இல் கல்கத்தா திரும்பியவர், பென்சில் கரியான கிராஃபைட்டையும் ஆராய்ந்தார். அதில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. தாள்களுக்குச் செங்குத்தான திசையில் காந்த விளைவு பல மடங்கு அதிகம் என்று 1934-இல் எழுதினார். மின்சாரமோ தாள்களின் வழியே எளிதாக ஓடுகிறது, குறுக்கே ஓடத் தயங்குகிறது என்பதை 1939-இல் கங்குலியுடன் சேர்ந்து காட்டினார். மறு ஆண்டே இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-இல் டெல்லியில் இந்திய தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961-இல் மறைந்தார்.

அடுக்குப் பொருள்களின் கதை அதோடு முடியவில்லை. 2004-இல் மான்செஸ்டர் அறிவியலாளர்கள் ஒட்டும் டேப்பைக் கொண்டே கிராஃபைட்டிலிருந்து ஒற்றைத் தாளை உரித்தெடுத்தனர். குரோமியம் ட்ரையயோடைடு என்ற பொருளின் ஒற்றைத் தாள் காந்தமாகவே இருப்பது 2017-இல் தெரிந்தது. அதன் இரட்டைத் தாளின் காந்த நிலையை மின்னழுத்தத்தால் மாற்றலாம் என 2018-இல் நிறுவினர். இப்போதைக்கு இது கடுங்குளிரில்தான் நடக்கிறது. அறை வெப்பநிலையில் கைகூடினால், எலக்ட்ரானின் தற்சுழற்சியில் தகவலைப் பதியும் ஸ்பின்ட்ரானிக்ஸ் கருவிகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும். அந்த வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

அவள் இந்த வாரமும் வகுப்புக்கு வந்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டே, அந்தத் தாள்கள் ஏன் இவ்வளவு எளிதாக வழுக்குகின்றன என்று கேட்டாள். அடுத்த வகுப்பில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.