தங்கக் கம்பியால் பல்லைக் கட்டிய அஸ்ஸஹ்ராவீ

அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்) அவர்களை அறுவை மருத்துவத்தின் தந்தை என்று மேடைதோறும் சொல்கிறோம். அப்படி அவர் என்னதான் செய்தார் என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால், அதற்கு மேல் சொல்ல நம்மில் பலரிடம் விஷயம் இருப்பதில்லை. அவருடைய பணியில் பல்லும் எலும்பும் சார்ந்த பகுதியை மட்டுமாவது இங்கே பார்ப்போம்.

அந்தலூஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினில், குர்துபாவுக்கு அருகே மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய அரண்மனை நகரம் மதீனத்துஸ் ஸஹ்ரா. 936-ஆம் ஆண்டு அதன் கட்டுமானம் தொடங்கியது. இமாம் அவர்கள் பிறந்ததும் ஏறத்தாழ அதே ஆண்டில்தான். ஊரின் பெயரால் அஸ்ஸஹ்ராவீ. மதீனாவின் அன்ஸாரிகள் வழி வந்தவர் என்பதால் அல்அன்ஸாரி. அவருடைய வாழ்வைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் மிகக் குறைவு. அவரை நாம் அறிவதெல்லாம் அவர் எழுதிய நூலின் வழியாகத்தான்.

அந்த நூல் 'அத்தஸ்ரீஃப்'. மொத்தம் 30 பகுதிகள். மூலிகைகளிலிருந்து மருந்து தயாரிப்பதற்கு ஒரு முழுப் பகுதி உண்டு. கடைசியான முப்பதாம் பகுதி அறுவை மருத்துவத்துக்கு உரியது. சூடு வைத்தல், கத்தியால் செய்யும் சிகிச்சை, எலும்பு முறிவும் மூட்டு விலகலும் என்று மூன்றாகப் பிரித்து, ஏறத்தாழ 200 கருவிகளைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். மண்டையோட்டைத் துளைக்கும் கருவி ஆழமாக இறங்கி மூளையின் உறையைக் கிழித்துவிடக் கூடாது என்று, அதன் முனைக்குச் சற்று மேலே தடுப்பு வைத்த கருவியும் அவற்றில் ஒன்று.

அவரை அதிகம் வருத்தியது அரைகுறை வைத்தியர்களின் துணிச்சல். உடற்கூறு தெரியாத ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்கப்போய், இரத்தக் குழாய்களை வெட்டிவிட, அந்தப் பெண் அங்கேயே இறந்துபோனதைப் பதிவு செய்திருக்கிறார். பல் பிடுங்குவதிலும் அவருக்கு இதே கவலைதான். வலி எந்தப் பல்லில் என்பதில் நோயாளியே ஏமாந்து, நல்ல பல்லைக் காட்டிவிடுவார்; நாவிதரும் யோசிக்காமல் அதைப் பிடுங்கிவிடுவார். ஆகவே நன்றாகச் சோதித்து உறுதி செய்யாமல் எந்தப் பல்லையும் தொடக் கூடாது என்பது அவர் வைத்த விதி. பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவதற்கு மட்டும் 14 வகைக் கருவிகளை வரைந்து தந்தார்.

ஆடும் பற்களை அவர் பிடுங்காமல் காப்பாற்றப் பார்த்தார். மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பின்னிக் கட்டுவார். விழுந்த பல்லை அதே இடத்தில் பொருத்தலாம். இல்லையென்றால் மாட்டெலும்பைப் பல் வடிவில் செதுக்கிக் கட்டலாம் என்றும் வழி சொன்னார். கம்பி தங்கமா, வெள்ளியா என்று வந்தபோது தங்கத்தையே தேர்ந்தார். வெள்ளி சில நாட்களில் நிறம் மாறிக் கெட்டுவிடும், தங்கம் போட்டபடியே இருக்கும் என்பது அவர் கண்ட காரணம். உடலுக்குள் வைக்கும் பொருள் அங்கே என்ன ஆகிறது என்று பார்த்துத் தேர்ந்த மருத்துவரின் கண் இது.

அதே கேள்வி இன்றும் மருத்துவர்கள் முன் நிற்கிறது. 1965 முதல் டைட்டானியம் திருகைத் தாடையெலும்பில் பதித்து அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துகிறார்கள். எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்கிறது. ஆனால் கிருமிகளும் அதன்மேல் படலமாகப் படிந்துகொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் புகுவதில்லை. இடுப்பிலும் முழங்காலிலும் வைக்கும் செயற்கை மூட்டுகளுக்கும் இதே தொல்லை உண்டு. இதற்கு மருந்தாக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்ப்பவற்றில் ஒன்று, இமாம் ஒதுக்கிய அதே வெள்ளி!

வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச் சாற்றைக் கலந்தால், சாற்றிலுள்ள பொருட்கள் வெள்ளியை நானோ அளவுத் துகள்களாக மாற்றுகின்றன, கரைசல் பழுப்பாகிறது. கடுமையான இரசாயனங்கள் தேவைப்படுவதில்லை. புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தார் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு இதைச் செய்து 2004-இல் வெளியிட்டார்கள். மிஸ்வாக் மரத்தின் சாற்றைக் கொண்டும் செய்திருக்கிறார்கள். இந்தத் துகள்களைப் பதியத்தின் மேல் பூசினால், வெள்ளி சிறிது சிறிதாகக் கரைந்து கிருமிகளைத் தாக்குகிறது. அளவு மிஞ்சினால் நம் எலும்பின் உயிரணுக்களுக்கும் கேடு என்பதால் இன்னும் சோதனைகள் நடக்கின்றன. எது குறை என்று தங்கத்தின் பக்கம் போனாரோ, நிலையாக இராத அந்தத் தன்மைதான் இங்கே பயன்படுகிறது. நானோவை அவர் அன்றே சொல்லிவிட்டார் என்று இதைக் கொண்டு யாரும் பேச வேண்டாம். அவருக்கு அந்தப் பொய்ப் பெருமை தேவையில்லை.

1010 வாக்கில் உள்நாட்டுக் கலவரத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. 1013 வாக்கில் இமாம் அவர்களும் வஃபாத் ஆனார்கள். அவரைப் பற்றிச் சில வரிகளை அறிஞர் அல்ஹுமைதீ எழுதி வைத்தபோது ஏறத்தாழ 60 ஆண்டுகள் கடந்திருந்தன. நூல் மட்டும் நிற்காமல் பயணம் செய்தது. 12-ஆம் நூற்றாண்டில் துலைதுலா நகரில் கிரிமோனாவின் ஜெரார்டு அறுவைப் பகுதியை லத்தீனில் பெயர்த்தார். 1497-இல் வெனிஸில் அது அச்சேறியது. 1778-இல் ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீனோடு அரபி மூலத்தையும் சேர்த்து அச்சிட்டார்கள்.