ஆக்டினியத்தின் தாய்

யுரேனியத் தாதுவில் ஆக்டினியம் என்னும் கதிரியக்கத் தனிமம் மிகச் சிறிதளவு கலந்துள்ளது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 22 ஆண்டுகளே. அவ்வாறாயின், புவி தோன்றிய காலத்து ஆக்டினியம் முழுவதும் என்றோ சிதைந்து மறைந்திருக்க வேண்டும். இன்றும் அது கிடைப்பதற்குக் காரணம், வேறொரு தனிமம் இடைவிடாது சிதைந்து அதனைத் தோற்றுவிப்பதே. அந்தத் தாய்த் தனிமத்தைத் தேடிக் கண்டவர் லிசே மைட்னர்.

அவர் 1878ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் வியன்னாவில் பிறந்தார். பெண்களுக்கு உயர்கல்வி எளிதில் வாய்க்காத அக்காலத்தில், தனியே பயின்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1906இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு பெர்லின் சென்று, வேதியியலாளர் ஓட்டோ ஹானுடன் ஆய்வில் இணைந்தார். அங்கிருந்த வேதியியல் நிறுவனத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆதலால், முன்பு தச்சுப்பட்டறையாக இருந்த கீழ்த்தள அறையே அவருடைய ஆய்வகமாயிற்று. 1912 வரை அவருக்கு ஊதியமும் இல்லை.

முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படை மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்ப் பணியாற்றிய மைட்னர், பின்னர் ஆய்வகம் திரும்பினார். ஹான் போர்ப் பணியில் இருந்தமையால் ஆய்வின் பெரும்பகுதியை அவரே மேற்கொண்டார். 1917இல் வெறும் 21 கிராம் தாதுவைக் கொண்டு அவர் தொடங்கிய தேடல், 1918இல் பயன் தந்தது. அணு எண் 91 உடைய அத்தனிமம் ஆக்டினியத்திற்கு முன்னோடி என்னும் பொருளில் புரோடாக்டினியம் எனப் பெயர் பெற்றது. அதன் குறுகிய ஆயுளுடைய ஐசோடோப்பு ஒன்றை 1913இலேயே ஃபாயான்சும் கோரிங்கும் கண்டிருந்தனர். மைட்னர் கண்ட ஐசோடோப்பின் அரை ஆயுட்காலமோ ஏறத்தாழ 32,800 ஆண்டுகள். அது ஆல்பா துகளை உமிழ்ந்து ஆக்டினியமாக மாறுகிறது. உழைப்பு பெரிதும் தம்முடையதாயினும், ஆய்வுக் கட்டுரையில் ஹானின் பெயரையே அவர் முதலில் இட்டார்.

யூதக் குடும்பத்தில் பிறந்தவராதலின், நாஜி ஆட்சியில் அவருடைய உயிருக்கே ஊறு நேர்ந்தது. 1938 சூலையில், தம் 59ஆம் வயதில், முப்பதாண்டு உழைப்பின் பயனைப் பெர்லினிலேயே விட்டு வெளியேறிச் சுவீடனில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டின் இறுதியில், நியூட்ரான்களால் தாக்கப்பட்ட யுரேனியத்திலிருந்து பேரியம் தோன்றும் புதிர் ஹானின் மடல்வழி அவரை எட்டியது. மைட்னர் தம் தமக்கையின் மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் ஆராய்ந்து, யுரேனிய அணுக்கரு இரண்டாகப் பிளவுறுவதையும், ஒவ்வொரு பிளவிலும் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுவதையும் விளக்கினார். 1939 பிப்ரவரியில் அவ்விளக்கம் வெளியாயிற்று.

எனினும், 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அணுகுண்டு உருவாக்கத்தில் பங்குகொள்ள வந்த அழைப்பை மைட்னர் ஏற்க மறுத்தார். 1968 அக்டோபர் 27 அன்று கேம்பிரிட்ஜில் மறைந்தார். 1997இல் அணு எண் 109 உடைய தனிமத்திற்கு மைட்னீரியம் என்னும் பெயர் முறைப்படி சூட்டப்பட்டது. தனிம வரிசை அட்டவணையில் அவர் கண்ட தனிமமும் அவர் பெயர் தாங்கிய தனிமமும் இன்று இடம்பெற்றுள்ளன.